1996 மொனாக்கோ: ஒலிவியே பானிஸின் முதல் வெற்றி வேகத்தால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா?

தடத்தோழன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1996 மே 19 அன்று மொனாக்கோவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தின் முழுப் பதிவையும் அண்மையில் பார்த்து முடித்தேன். புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் 14-ஆம் இடம் பெற்ற ஒலிவியே பானிஸ், லிஜியே அணியின் நீல நிறக் காரில் அந்தப் பந்தயத்தை வென்றார் என்பதும், அது அவருடைய முதல் வெற்றி என்பதும், பிறகு அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். கொடி அசைக்கப்பட்டபோது தடத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் மூன்றே மூன்று.

இதைப் பற்றி நண்பர் ஒருவரிடம் பேசியபோது, "முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் விழுந்துவிட்டார்கள், எஞ்சியிருந்தவர் வென்றார், அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிவைப் பார்க்கும்போது அந்த நீலக் கார் மற்றவர்களைவிடத் துணிச்சலாக ஓட்டப்படுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதைச் சான்றுகளோடு எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்தக் காலத்துப் பந்தயங்கள் பழக்கமில்லை. முன்னிலையில் ஓடிய டேமன் ஹில்லின் எஞ்சினும், அவருக்குப் பின் முன்னிலைக்கு வந்த ஷான் அலேசியின் சஸ்பென்ஷனும் (சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு) பழுதாகாமல் இருந்திருந்தால் பானிஸ் எந்த இடத்தில் முடித்திருப்பார்? அந்த இடத்துக்கு வருவதற்கே அவர் செய்தது என்ன? இத்தனை திறமை இருந்தும் இரண்டாவது வெற்றி ஏன் வாய்க்கவில்லை? அந்தக் காலத்திலிருந்தே பந்தயங்களைத் தொடர்ந்து வருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைத்தடம்

நல்ல கேள்வி. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தக் கருத்து இத்தனை ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

புறப்படும் வரிசையில் பானிஸுக்கு முன்னால் பதின்மூன்று பேர் நின்றார்கள். முதலிடத்தில் நின்றவர் ஃபெராரியின் மைக்கேல் ஷூமேக்கர். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் மொனாக்கோவை வென்றிருந்த அவர், முதல் வளைவுக்குள் ஹில்லிடம் முதலிடத்தை இழந்தார். அந்தச் சுற்று முடிவதற்குள்ளேயே, கொண்டை ஊசி வளைவைத் தாண்டிப் போர்த்தியே வளைவுக்கு இறங்கும் இடத்தில் தடுப்பில் மோதி வெளியேறினார். ரூபன்ஸ் பாரிச்செல்லோவும் அதே முதல் சுற்றில் சுழன்று நின்றார். ஈரத் தடத்தில் மழை டயர் போடாமல் துணிந்து புறப்பட்ட யோஸ் வெர்ஸ்டாப்பன் முதல் வளைவையே தாண்டவில்லை. சில சுற்றுகள் கழித்து கெர்ஹார்ட் பெர்கருடைய பெனட்டனில் கியர்பாக்ஸ் பழுதானது. ஆக, முன்னால் நின்ற பதின்மூவரில் நால்வர் பானிஸ் எதுவும் செய்யாமலேயே விலகிவிட்டார்கள்.

மிச்சம் ஒன்பது பேர். அவர்களில் ஹில், அலேசி இருவரை மட்டும் தனியே வைத்துவிடுங்கள். டேவிட் கூல்ட்ஹார்ட், எடி இர்வின், மிகா ஹாக்கினன், ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்சன், ஜாக் வில்நெவ், மிகா சாலோ, ஜானி ஹெர்பர்ட் ஆகிய ஏழு பேரும் அப்போது பந்தயத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் பந்தயம் பாதியை எட்டுவதற்கு முன்பே பானிஸ் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார். அந்த ஏழு பேரையும் அவர் தடத்திலோ, டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார் ஓரங்கட்டி நிற்கும் பிட் நிறுத்தத்திலோ பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்பதுதான் இதன் பொருள். ஹில்லின் எஞ்சின் வெடித்தது அதற்குப் பிறகு, 40-ஆவது சுற்றில். அலேசியின் சஸ்பென்ஷன் பழுதானது 60-ஆவது சுற்றில். எனவே அந்த இருவருக்கும் எதுவும் நேராமல் இருந்திருந்தால் பானிஸ் மூன்றாம் இடத்தில் முடித்திருப்பார் என்று சொல்வது நியாயமான கணிப்பு. 14-ஆம் இடத்திலிருந்து மொனாக்கோவில் மூன்றாம் இடம் என்பதே ஒரு ஓட்டுநரின் பெயரைப் பல ஆண்டுகள் பேச வைக்கும்.

அவர் அன்று வேகமாக இருந்ததற்குப் பந்தயம் தொடங்கும் முன்பே ஓர் அடையாளம் தென்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், உலர்ந்த தடத்தில் நடந்த முன்னோட்டப் பயிற்சியில் எல்லாரையும் விட வேகமாக ஓடியவர் பானிஸ்தான். அந்தப் பயிற்சியில் அணிகள் பெரும்பாலும் பந்தயத்துக்குரிய அமைப்போடு காரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதனால் தகுதிச் சுற்றின் 14-ஆம் இடம் அந்தக் காரின் உண்மையான நிலையைக் காட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு மழை பெய்தது. தடம் நனைந்துவிட்டதால் ஓட்டுநர்கள் ஈரத்துக்குப் பழகிக்கொள்ளக் கூடுதலாகப் பதினைந்து நிமிடப் பயிற்சி ஒன்று தரப்பட்டது. அந்தப் பயிற்சியிலேயே ஃபோர்ட்டி அணியின் ஆந்த்ரேயா மொன்டர்மினி மோதிக்கொண்டு, பந்தயத்தில் புறப்படவே முடியாமல் போனது. எத்தகைய தடம் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஈரத்தில் மொனாக்கோ ஏன் அவ்வளவு கடினம் என்பதை ஒரு முறையேனும் விரித்துச் சொல்ல வேண்டும். அது நாள்தோறும் பேருந்தும் சரக்கு வண்டியும் ஓடுகிற சாலை. பாதசாரிகள் கடக்கும் கோடுகளும், போக்குவரத்து வழிகாட்டும் வெள்ளை வண்ணப்பூச்சும், சாக்கடை மூடிகளும் தடத்தில் அப்படியே இருக்கின்றன. மழை பட்டதும் அவை ஒவ்வொன்றும் வழுக்கும். சுரங்கப்பாதைக்குள் மழை விழாது, ஆனால் முன்னால் செல்லும் கார்களின் டயர்கள் உள்ளே கொண்டுவரும் நீர் அங்கும் படியும். தடம் காயத் தொடங்கும்போது, கார்கள் செல்லும் வழியில் மட்டும் ஒரு காரின் அகலத்துக்கு உலர்ந்த பட்டை உருவாகிறது. யாரையாவது முந்த வேண்டுமென்றால் அந்தப் பட்டையிலிருந்து விலகி, ஈரத்தில் பிரேக் பிடித்து, திரும்பி, மறுபடியும் பட்டைக்கு வர வேண்டும். சற்றே தவறினாலும் நிற்க இடம் கிடையாது, இரும்புத் தடுப்புதான். அப்படிப்பட்ட நிலையில் பானிஸ் ஹாக்கினனையும் ஹெர்பர்ட்டையும் தடத்திலேயே முந்தினார். அன்று வேறு யாரும் அந்த அளவுக்கு முந்தவில்லை.

எண்ணெய்க்கறை

மழைத்தடம் அவர்களின் கணக்கை ஏற்கிறேன். இருந்தாலும் ஹில்லின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அந்தப் பந்தயத்துக்கு நியாயம் செய்ததாகாது.

டேமன் ஹில்லின் தந்தை கிரஹாம் ஹில் மொனாக்கோவை ஐந்து முறை வென்றவர். மகன் அந்தத் தெருக்களில் ஒருமுறையும் வென்றதில்லை. 1996 அவர் உலகப் பட்டத்தை வென்ற ஆண்டு. அன்று புறப்பட்ட நொடியிலிருந்து எஞ்சின் கைவிடும் வரை, பிட் நிறுத்தத்தின்போது கை மாறிய ஓரிரு சுற்றுகளைத் தவிர, அவரே முன்னிலையில் இருந்தார். அதுவும் பின்னால் வந்தவர்களால் எட்ட முடியாத இடைவெளியில். அவருடைய ரெனோ எஞ்சின் அந்தக் காலகட்டத்தில் நம்பகத்தன்மைக்குப் பெயர் பெற்றது. அது வெடித்தது சுரங்கப்பாதைப் பகுதியில். அவர் புகையோடு காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்த காட்சியை நேரலையில் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

அலேசிக்கும் இதே நிலைதான். அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டியவர் அவர். ஹில் வெளியேறிய பின் பத்தொன்பது சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். தம் ஒரே வெற்றியை 1995-இல் கனடாவில் பெற்றிருந்த அவருக்கு அந்த மொனாக்கோ இரண்டாவது வெற்றியாகியிருக்க வேண்டும். அன்றைய தினம் ஹில்லோ அலேசியோ பானிஸை விட மெதுவாக இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "பானிஸ் வேகத்தால் வென்றார்" என்று மட்டும் சொன்னால் அதுவும் பாதி உண்மைதான்.

ஆனால் அதிர்ஷ்டத்தால் கிடைத்த முதல் வெற்றி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே மொனாக்கோவில் வேறொரு பந்தயம் இருக்கிறது. 1982-இல் ரிக்கார்டோ பாட்ரேசே பெற்ற முதல் வெற்றியைச் சொல்கிறேன். பந்தயம் முடிய மூன்று சுற்றுகளே இருந்தபோது தூறல் விழுந்தது. முன்னிலையில் இருந்த அலன் ப்ரோ தடுப்பில் மோதினார். முன்னிலைக்கு வந்த பாட்ரேசே கொண்டை ஊசி வளைவருகே தாமும் சுழன்று நின்றார், எஞ்சின் அணைந்தது. கார் ஆபத்தான இடத்தில் நின்றதால் தடப் பணியாளர்கள் தள்ளிவிட, இறக்கத்தில் உருண்டு மறுபடியும் எஞ்சினை உயிர்ப்பித்துக்கொண்டார். அதற்குள் முன்னிலை பெற்ற தீதியே பிரோனியின் ஃபெராரி கடைசிச் சுற்றில் சுரங்கப்பாதையில் நின்றுபோனது. ஆந்த்ரேயா தெ சேசரிஸிடம் எரிபொருள் தீர்ந்தது. தெரெக் டேலியின் கியர்பாக்ஸ் கடைசிச் சுற்றுக்கு முன்பே இறுகிவிட்டது. பாட்ரேசே கோட்டைக் கடந்தபோது தாம் வென்றது அவருக்கே தெரியாது.

அந்த இரண்டு வெற்றிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாட்ரேசேக்கு வெற்றி மூன்று சுற்றுகளில் பறிபோய் மூன்று சுற்றுகளுக்குள் திரும்பி வந்தது. பானிஸோ, அலேசி நின்ற 60-ஆவது சுற்றிலிருந்து 75-ஆவது சுற்று வரை பதினாறு சுற்றுகள் முன்னிலையைத் தம் கையில் வைத்திருந்தார், அதுவும் கூல்ட்ஹார்டின் மெக்லாரன் பின்னாலேயே விரட்டி வந்த நிலையில். கடைசியில் இருவருக்கும் இடையே இருந்தது 4.828 நொடி. அந்தப் பதினாறு சுற்றுகளை எந்த அதிர்ஷ்டத்தின் கணக்கிலும் எழுத என்னால் முடியாது.

தடத்தோழன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு பேரை முந்திய கணக்கு என் நண்பருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இன்னும் இரண்டு ஐயங்கள். இர்வினை முந்திய இடத்தில் இரு கார்களும் உரசிக்கொள்கின்றன, இர்வினின் ஃபெராரி தடுப்பை ஒட்டி நின்றுவிடுகிறது. அது நேர்மையான முந்தலா? அடுத்து, கடைசிப் பகுதியில் வர்ணனையாளர்கள் எரிபொருளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்போது பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்ததே, பிறகு ஏன் அந்தக் கவலை?

மழைத்தடம்

இர்வின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்று இர்வினுக்குப் பின்னால் பல கார்கள் நெடுநேரம் அடைபட்டுக் கிடந்தன. அவர் விதியை மீறவில்லை. உலர்ந்த பட்டையைத் தமக்கென வைத்துக்கொண்டார், வெளியே வர யாருக்கும் துணிவில்லை. சாபர் அணியின் ஃப்ரென்ட்சன் பொறுமையிழந்து ஃபெராரியின் பின்புறத்தில் இடித்து, முன் இறக்கையை உடைத்துக்கொண்டு பிட்டுக்குப் போனார். அவர் வெற்றிக்குரிய வேகத்தில் இருந்தார் என்பது என் மதிப்பீடு. ஒரு கணப் பொறுமையின்மை அவருடைய பந்தயத்தைக் கலைத்துவிட்டது.

பந்தயத்தின் மூன்றில் ஒரு பங்கு கழிந்தபோது தடம் காய்ந்து, எல்லாரும் உலர் டயருக்கு மாறத் தொடங்கினார்கள். பானிஸ் தாமதிக்காமல் பிட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு, பல இடங்கள் முன்னேறி, இர்வினுக்கு நேர் பின்னால் வந்து சேர்ந்தார். டயர் மாற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநரும் அணியும் சேர்ந்து எடுக்கிற முடிவு. ஒரு சுற்று முன்னதாக வந்தால் ஈரத்தில் வழுக்கி மோத நேரிடும், ஒரு சுற்று தாமதித்தால் மழை டயர் காய்ந்த தடத்தில் தேய்ந்து பல நொடிகளைத் தின்னும். அந்த முடிவு சரியாக அமைந்ததை அவருடைய வெற்றியின் தூண்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

36-ஆவது சுற்றின் வாக்கில் முந்தல் நடந்தது. இடம், விடுதியொன்றின் பெயரால் அப்போது லோஸ் என்று அழைக்கப்பட்ட கொண்டை ஊசி வளைவு. ஃபார்முலா ஒன் தடங்களிலேயே மிக மெதுவாகக் கடக்கப்படும் வளைவு அது. இர்வின் வளைவை அகலமாக எடுக்க, உட்புறத்தில் கிடைத்த இடைவெளியில் பானிஸ் காரை நுழைத்தார். சக்கரங்கள் உரசின, இர்வின் வெளிப்புறத் தடுப்பை ஒட்டி நின்றார், சற்று நேரம் கழித்தே மறுபடியும் பந்தயத்தைத் தொடர்ந்தார். பானிஸுக்கு எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. இன்றைய விதிகளின்படி நடுவர்கள் அதை நிச்சயம் ஆராய்வார்கள், ஒருவேளை சில நொடித் தண்டனையும் தருவார்கள். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு செய்த மோதல் இல்லை. அந்த வேகத்தில், அந்த வளைவில், வேறு எந்த வழியிலும் இர்வினை முந்த முடியாது என்று அறிந்து செய்த செயல். துணிவு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டுகளில் அது ஒன்று.

இப்போது எரிபொருள். நிரப்ப அனுமதி இருந்தது உண்மைதான். டயர் மாற்றிய அந்த ஒரே நிறுத்தத்தோடு பானிஸ் பந்தயத்தை முடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை பிட்டுக்கு வந்தால் கூல்ட்ஹார்ட் முன்னே போய்விடுவார், மொனாக்கோவில் மீண்டும் முந்துவது நடக்காத காரியம். தொட்டியில் இருப்பதை வைத்து இறுதிவரை ஓட்ட வேண்டும், ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக மெதுவாகவும் போக முடியாது, ஏனெனில் பின்னால் வருபவர் சில நொடிகளில் ஒட்டிக்கொள்வார். இங்கேதான் தடத்தின் நிலை அவருக்கு ஒரு வகையில் உதவியது. மொத்தம் 78 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம், ஈரத்தில் மெதுவாக ஓடியதால் இரண்டு மணி நேர வரம்பை முதலில் எட்டியது. எனவே 75 சுற்றுகளோடு முடிக்கப்பட்டது. பானிஸ் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 45.629 நொடி. கடைசி மூன்று சுற்றுகள் குறைந்தது அணியினருக்கு எத்தனை நிம்மதி தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முடிவில் எஞ்சியவர்கள் பானிஸ், கூல்ட்ஹார்ட், ஹெர்பர்ட் மூவர்தான். நான்காம் இடம் பெற்ற ஃப்ரென்ட்சன் கடைசிச் சுற்றில் பிட்டுக்குள் திரும்பிவிட்டார். சாலோ, ஹாக்கினன், இர்வின் மூவரும் இறுதிக் கட்டத்தில் போர்த்தியே அருகே ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றிருந்தாலும், போதிய தூரம் ஓடியிருந்ததால் ஐந்து, ஆறு, ஏழாம் இடங்கள் அவர்களுக்கே கிடைத்தன. இடையில் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தம் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியில் நீராவி படிந்ததால், கூல்ட்ஹார்ட் அன்று ஷூமேக்கருடைய தலைக்கவசம் ஒன்றைக் கேட்டு வாங்கி அணிந்துதான் இரண்டாம் இடம் பெற்றார். போட்டி அணிகளுக்கு இடையே அத்தகைய நல்லுறவு அப்போது இருந்தது.

கடற்கரைச்சாலை

மிகச் சிறந்த உரையாடல். நான் பானிஸைச் சற்றுத் தள்ளி வைத்து, தெருத் தடங்களில் முதல் வெற்றிகள் இவ்வளவு பிறப்பது ஏன் என்பதைப் பற்றிச் சில வரிகள் சேர்க்கிறேன்.

மொனாக்கோவை மட்டும் பார்த்தாலே வரிசை நீளமானது. உலகப் பட்டப் போட்டிகளில் அர்ஜென்டினாவின் யுவான் மனுவல் ஃபான்ஹியோவின் முதல் வெற்றி 1950-இல் அங்குதான். முதல் சுற்றில், துறைமுகத்திலிருந்து தெறித்த கடல்நீரில் தடம் நனைந்து, ஏறக்குறைய பாதிக் கார்கள் ஒன்றோடொன்று மோதி முடங்கின. முன்னால் சென்ற ஃபான்ஹியோ அடுத்த சுற்றில் அந்தச் சிதைவுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போய், ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வென்றார். 1955-இல் மொரிஸ் த்ரின்தின்யான், 1959-இல் ஜாக் பிராபம், 1967-இல் டென்னி ஹல்ம், 1972-இல் கொட்டும் மழையில் ஷான்-பியர் பெல்த்வாஸ், 1978-இல் பாத்ரிக் தெபாயே, 1982-இல் பாட்ரேசே, 1996-இல் பானிஸ், 2004-இல் யார்னோ ட்ருல்லி என அத்தனை பேரின் முதல் வெற்றியும் மொனாக்கோவில்தான். பிராபமும் ஹல்மும் அதே ஆண்டில் உலகப் பட்டத்தையும் வென்றார்கள். பெல்த்வாஸுக்கும் ட்ருல்லிக்கும், பானிஸைப் போலவே, அதன் பிறகு இன்னொரு வெற்றி வாய்க்கவில்லை.

இதற்குக் காரணம் தடத்தின் இயல்பில் இருக்கிறது. நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட தடங்களில் எஞ்சின் வலிமையும் காற்றியக்க வடிவமைப்பும் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடும், அவை பணக்கார அணிகளிடம்தான் இருக்கும். மொனாக்கோவின் 3.3 கிலோமீட்டர் தெருக்களில் அந்த நன்மை சுருங்குகிறது. வேகம் குறைவு, வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன, சுவருக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது என்று ஓட்டுநர் எடுக்கும் முடிவு ஒவ்வொரு வளைவிலும் நொடியின் சிறு பகுதிகளைத் தருகிறது அல்லது பறிக்கிறது. மற்ற தடங்களில் தவறு செய்தால் மண்ணிலோ புல்லிலோ ஓடித் திரும்பி வரலாம். இங்கே அதே தவறு பந்தயத்தை முடித்துவிடும். அதனால் முன்னணி ஓட்டுநர்களும் வெளியேறுகிறார்கள், நடுத்தர அணியில் இருக்கும் திறமைசாலிக்கு வாசல் திறக்கிறது. வாசல் திறப்பது மட்டுமே வாய்ப்பு. அந்த நேரத்தில் வாசலருகே நிற்பதற்கு மழைத்தடம் அவர்கள் சொன்ன ஏழு முந்தல்கள் தேவை.

ஆனாலும் தெருத் தடத்தின் முதல் வெற்றி எப்போதும் குழப்பத்தில்தான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ட்ருல்லி 2004-இல் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, ரெனோ காரில் பந்தயத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்து வென்றார். அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் இன்னொரு அழகான சான்று இருக்கிறது. 2013 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் தெருக்களில் தகுமா சாத்தோ தம் முதல் இண்டிகார் வெற்றியைப் பெற்றார். நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டு, 80 சுற்றுகளில் 50 சுற்றுகள் முன்னிலை வகித்து, யாருடைய பழுதுக்காகவும் காத்திராமல் வென்றார். அந்தத் தொடரில் வென்ற முதல் ஜப்பானியர் அவரே. ஏ. ஜே. ஃபாய்ட்டின் அணிக்கு 2002-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றியும் அதுதான். சாத்தோவுக்கு அது தொடக்கமாகவும் அமைந்தது: 2017-இலும் 2020-இலும் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார்.

மொனாக்கோவின் சுவர்கள் நம் ஊர்க்காரர் ஒருவரையும் அறிந்தவை. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அங்கே ஹிஸ்பானியா காரில் ஓடியபோது, பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ராஸ்காஸ் வளைவில் அவரை முந்த முயன்ற லோட்டஸ் கார் அவருடைய காரின் மேலேயே ஏறிப் போனது. சந்தோக் காயமின்றித் தப்பியது பெரும் ஆறுதல். அந்த லோட்டஸை ஓட்டியவர், அதே தெருக்களில் ஆறு ஆண்டுகளுக்கு முன் வென்ற ட்ருல்லி. முந்த இடமில்லாத தடத்தில் முந்த முயல்வது எவ்வளவு அபாயம் என்பதற்கு அந்தப் படக்காட்சியைப் பார்த்தாலே போதும். பானிஸ் இர்வினிடம் செய்ததன் மதிப்பும் அப்போது விளங்கும்.

நீலக்கார்

இரண்டாவது வெற்றி ஏன் வாய்க்கவில்லை என்ற கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. எனக்கு மிகவும் நெருக்கமான அணி என்பதால் நான் முயல்கிறேன்.

லிஜியே அணிக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முன்னாள் பந்தய ஓட்டுநரான கி லிஜியே தொடங்கிய அந்த அணி 1976-இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. 1968-இல் ரூவான் தடத்தில் உயிரிழந்த நண்பர் ஜோ ஷ்லெசரின் நினைவாக, அணியின் ஒவ்வொரு காருக்கும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் சூட்டப்பட்டன. பானிஸ் வென்ற காரின் பெயர் ஜேஎஸ்43. 1981-இல் கனடாவில் ஜாக் லஃபீத் வென்ற பிறகு அந்த அணி வெற்றி பெற்றதே இல்லை. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஒன்பதாவது வெற்றி அது. அதுவே கடைசியும். முகென்-ஹோண்டா எஞ்சினுக்கோ அது முதல் வெற்றி. பிரெஞ்சுக் காரில் ஒரு பிரெஞ்சுக்காரர் மொனாக்கோவை வென்றது 1930-இல் புகாட்டியில் ரெனே த்ரேஃபுஸ் வென்றதற்குப் பிறகு அப்போதுதான். பானிஸ் வெற்றிச் சுற்றில் பிரான்ஸின் மூவர்ணக் கொடியை ஏந்திக்கொண்டு போனதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அணியை அலன் ப்ரோ வாங்கித் தம் பெயரைச் சூட்டினார். 1997-இன் தொடக்கத்தில் பானிஸ் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். புதிதாக வந்த பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களோடு பிரேசிலில் மூன்றாம் இடம் பெற்றார். அர்ஜென்டினாவில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கார் பழுதானது. ஸ்பெயினில் இரண்டாம் இடம் பெற்றார். கனடாவுக்குப் போகும்போது வில்நெவுக்கும் ஷூமேக்கருக்கும் அடுத்தபடியாக உலகப் பட்டப் பட்டியலில் மூன்றாம் இடம் அவருடையது. முதல் வெற்றி வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இந்த ஆறு பந்தயங்களை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மொன்ட்ரியால் தடத்தில் அவருடைய கார் தடுப்பில் மோதி, இரு கால்களும் முறிந்தன. ஏழு பந்தயங்கள் ஓட முடியவில்லை. அவருடைய இருக்கையில் தற்காலிகமாக அமர்ந்தவர், மேலே கடற்கரைச்சாலை அவர்கள் குறிப்பிட்ட அதே ட்ருல்லி. ஆஸ்திரியாவில் அவர் பந்தயத்தின் முன்னிலையில் ஓடினார். அந்தக் கார் அந்த ஆண்டு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று. பானிஸ் நியூர்புர்க்ரிங்கில் திரும்பி வந்து ஒரு புள்ளியும் பெற்றார். ஆனால் அடுத்த ஆண்டு முகென்-ஹோண்டா எஞ்சின் ஜோர்டன் அணிக்குப் போய்விட்டது. அதே எஞ்சினோடு ஜோர்டன் 1998-இல் பெல்ஜியத்தில் ஹில் மூலமும், 1999-இல் ஃபிரான்ஸிலும் இத்தாலியிலும் ஃப்ரென்ட்சன் மூலமும் வென்றது. மொனாக்கோவில் எஞ்சினை இழந்த ஹில்லுக்கும், இறக்கையை உடைத்துக்கொண்ட ஃப்ரென்ட்சனுக்கும் பின்னாளில் அந்த எஞ்சினே வெற்றி தந்தது. பெஜோ எஞ்சினோடு ப்ரோ அணி முன்வரிசையிலிருந்து விலகிப் போனது. பானிஸ் 2000-இல் மெக்லாரனின் சோதனை ஓட்டுநராகி, பிறகு பிஏஆர், டொயோட்டா அணிகளில் ஓடி, 2004-இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களிலிருந்து விலகினார். அவற்றில் எதுவும் வெல்லக்கூடிய கார் இல்லை.

மொனாக்கோவுக்குப் பிறகு இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஃபார்முலா ஒன் பந்தயத்தை வெல்ல 2020 செப்டம்பர் வரை, பியர் காஸ்லி மொன்சாவில் வெல்லும் வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. மொனாக்கோவில் 14-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு வென்ற சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

தடத்தோழன்

ஒரு கேள்விக்கு இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நால்வருக்கும் நன்றி. அர்ஜென்டினா, ஸ்பெயின் 1997 பந்தயங்களை அடுத்து முழுமையாகப் பார்க்கப் போகிறேன். பானிஸ் அவற்றில் எப்படி ஓட்டினார் என்பதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தால் இதே இழையில் கேட்கிறேன். நண்பருக்கு மழைத்தடம் அவர்களின் முதல் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன்.